காலம் தாழ்த்திய கனவுக்கு ஒரு கணக்கு

மாணவப் பருவம் கனவு காணும் பருவம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆண்டு விழாக்களில் அதற்காகவே சிறப்பு விருந்தினரை அழைத்து வருகின்றோம். ஆனால் அக்கனவு எந்த வயதிற்குள் வந்து சேரவேண்டும் என்பதை நாம் எவரும் வெளிப்படையாகக் கூறுவதில்லை. கூறாமலே ஒரு வயதை வரையறுத்து வைத்திருக்கின்றோம். அவ்வயது பதினைந்து. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கோடையில், பதினோராம் வகுப்புச் சேர்க்கை விண்ணப்பத்தில் 'எந்தப் பிரிவு' என்னும் கட்டத்தில் இடப்படும் சிறு குறி ஒன்றே ஒரு பிள்ளையின் பிற்கால வாழ்வைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. அக்குறியை இடுவது சில நேரம் பிள்ளை. பல நேரம் தந்தை. சில நேரம் 'அந்தப் பிரிவில் இடமில்லை, இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் பள்ளி எழுத்தர்.

இங்ஙனம் ஒரு குறியால் திசை மாறிய மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வந்தாள். நம் துறையில் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு பயில்பவள். ஊர் செம்மங்குப்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள சிற்றூர். தந்தையார் அத்தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. 2025 ஜூலை 8ஆம் நாள் காலை அவ்வூர் இரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது இரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை நம் மாவட்டத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தமிழகம் முழுவதும் அவ்வூரின் பெயரை அறிந்தது அன்றுதான்.

"ஐயா, அன்று ஓடிவந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா, தூக்கலாமா, கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அன்றுமுதல் மருத்துவம் படிக்கவேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை.

சற்றொப்பப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், இதே கேள்வியுடன் மாணவன் ஒருவன் வந்தான். வகுப்பில் பலர் கேட்க, "தொல்காப்பியம் படிக்கிறவனுக்கு இனிமேல் ஸ்டெதஸ்கோப் எதற்கு?" என்று நகைச்சுவையாகப் பேசுவதாய் எண்ணிப் பேசினேன். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். பல ஆண்டுகள் கழித்து அவனை மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் கண்டேன். மருந்துச் சீட்டுகளைப் படித்து எடுத்துத் தரும் பணி. மரியாதையோடு நலம் விசாரித்தபின் மெல்லச் சொன்னான்: "நீங்கள் அன்று சொன்னது சரிதான் ஐயா. அப்போது வழியில்லைதான். ஆனால் வேறு என்ன வழி உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்."

அவன் கூறியதில் பிழையேதும் இல்லை. 2007-08ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நீங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவச் சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்த காலம் அது. உயிரியல் படிக்காத ஒருவனுக்குக் கதவு மூடியே இருந்தது. என் விடை சட்டப்படி சரி. ஆசிரியன் என்ற முறையில் தவறு. மூடிய கதவைக் காட்டினேனேயன்றி, பக்கத்துக் கதவுகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. ஆகவே இம்முறை அம்மாணவியை அமரச் செய்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அத்தாளில் எழுதியவற்றையே இக்கட்டுரையில் விரித்துரைக்க விழைகின்றேன். அவளைப் போன்றோர் நம் வகுப்பறைகளில் இன்னும் பலர் இருத்தல் கூடும்.

முன்னோர் சிலர்

காலம் தாழ்ந்து மருத்துவத்திற்கு வந்தோர் வரலாற்றில் இல்லாமல் இல்லை. ரய் நகரத்து அறிஞர் அபூபக்ர் அல்-ராஸி, முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவம் பயிலத் தொடங்கினார் என்று பழைய வரலாற்று நூல்கள் சில குறிக்கின்றன. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களெனப் பிரித்துக் காட்டிய பெருமருத்துவர் அவர். ஆல்பர்ட் சுவைட்சர் சமயத் தத்துவ ஆசிரியராகவும் இசைக்கலைஞராகவும் புகழ்பெற்றிருந்த நிலையில், 1905ஆம் ஆண்டு தம் முப்பதாவது வயதில் மருத்துவ மாணவராய்ச் சேர்ந்தார். 1913இல் ஆப்பிரிக்காவின் லாம்பரீனுக்குச் சென்று மருத்துவமனை கண்டார்.

இவர்களினும் நமக்கு நெருங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவக் குடும்பம் எனினும் மருத்துவத்தில் நாட்டமின்றி இருந்தவர். 1890களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியரைக் காக்க அழைத்தனர். அவர்களுள் ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர். ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் மரபு ஏற்கவில்லை; அம்மையாரோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுதான் அவரைத் திருப்பியது. அமெரிக்கா திரும்பி, 1895இல் மருத்துவக் கல்வி தொடங்கி, 1899இல் கார்னல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். அன்று திண்டிவனம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியது. நம் பழைய மாவட்டத்தின் ஓர் இரவு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வித்தாயிற்று.

'அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்' என்று செம்மங்குப்பத்து மாணவி கூறியபோது எனக்கு நினைவுக்கு வந்தது திண்டிவனத்து இரவே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இப்பெருமக்கள் காலத்தில் இன்றைய நுழைவுத் தேர்வு இல்லை; இலட்சக்கணக்கானோர் ஓர் இடத்திற்காக முட்டி மோதும் நிலையும் இல்லை. இவர்தம் பெயரைச் சொல்லி முதுகில் தட்டி ஒரு மாணவியை அனுப்பிவிடுதல் எளிது. அது பொய்யான ஊக்கம். ஏளனம் செய்து அனுப்புவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் ஆசிரியன் தன் வேலையைச் செய்யவில்லை.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனின் வினைக்கு உரைக்கப்பட்டவை எனினும், ஒரு மாணவியின் வினைக்கும் அவை பொருந்தும். என் தாளை அந்நான்கு தலைப்பாகவே பிரித்துக்கொண்டேன்.

தெரிந்து செயல்வகை

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தேநீர்க் கடையில் கேட்டதும், உறவினர் சொன்னதும் விதியாகா.

எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பொதுப் பிரிவினர்க்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 என்று மேல் வயது வரம்பு ஒன்று இருந்தது. 2022இல் அது நீக்கப்பட்டது. குறைந்த அளவு 17 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது மட்டுமே நிற்கிறது. அடுத்து, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிர்த்தொழில்நுட்பவியல் ஆகியவற்றை ஆங்கிலத்துடன் பயின்றிருத்தல் வேண்டும். முன்னர் இவற்றை இரண்டாண்டுக் காலம் ஒருங்கே முறையாகப் படித்தவர்க்கே தகுதி என்றிருந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, பன்னிரண்டாம் வகுப்பு தேறியபின் அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் வழியாக இப்பாடங்களைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் தேர்வு எழுதலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த மாணவனுக்கு மூடியிருந்த கதவு, இன்று ஒரு சாண் அளவு திறந்திருக்கிறது.

நம் மாணவி மேல்நிலையில் கணினி அறிவியல் பிரிவில் பயின்றவள். இயற்பியலும் வேதியியலும் உண்டு, உயிரியல் இல்லை. எனவே அவளுக்குக் குறைவது ஒரே பாடம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் முன்பே தேறியவர்கள் குறிப்பிட்ட பாடத்தை மட்டும் எழுதுவதற்கு இடமுண்டு. ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வும் உண்டு. உயிரியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு என்பதை மறத்தலாகாது. வணிகவியல் பிரிவில் பயின்ற மாணவர்க்கோ மூன்று பாடங்களும் குறையும். அவர்தம் கணக்கு வேறு, காலமும் கூடும். இருவரையும் ஒரே தட்டில் வைத்து அறிவுரை கூறுதல் பொருந்தாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீட் எழுதத் தகுதி என்பது ஒன்று. மாநிலக் கலந்தாய்வில் இடம்பெறத் தகுதி என்பது மற்றொன்று. இருப்பிடம், இனம், ஒதுக்கீடு ஆகியவற்றிற்குத் தனித்தனி நிபந்தனைகள் உள்ளன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்ட இசுலாமியர்க்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 3.5 விழுக்காடு உண்டு. கூடுதல் பாடம் எழுதுவதால் இவற்றுள் எதற்கேனும் இடையூறு நேருமா என்பதைச் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவத் தேர்வுக் குழுவிற்கு எழுதி, விடையையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொண்ட பின்னரே பணம் கட்டவேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறுவன. அவ்வவ்வாண்டின் தகவல் கையேட்டைத் தானே படிப்பது மாணவரின் முதற் கடமை.

வலியறிதல்

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்று நான்கு வலிகளை எண்ணிப் பார்க்கச் சொல்வது நம் மரபு.

வினைவலி எத்தகையது? நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண், நேரம் மூன்று மணி. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண் என்றாகிறது. நம் மாணவி 'ஒரு பாடந்தானே குறைகிறது' என்று எண்ணியிருந்தாள். அவ்வொரு பாடம் தேர்வில் சரிபாதி என்பதைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அவள் முகத்தில் கவலை தோன்றியது. கவலை தோன்றியது நல்லதே. கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தன்வலியை மறைக்கவும் கூடாது. மிகுத்துக் கூறவும் கூடாது. தமிழ் மாணவர்க்கு உயிரியல் அயலானதன்று. வகைப்படுத்தல், பெயரிடல், உறுப்புகளின் தொடர்பை நினைவிற் கொள்ளல் ஆகியவற்றில் இலக்கணம் பயின்ற மூளைக்குப் பயிற்சி உண்டு. மாநிலப் பாடநூல்களின் தாவரவியல், விலங்கியல் பகுதிகள் தமிழிலேயே கிடைக்கின்றன. உட்கரு, தமனி, சிரை, ஒளிச்சேர்க்கை என்று தமிழில் பொருள் விளங்கப் படித்தபின் ஆங்கிலச் சொல்லை அருகில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் வெளியிட்டார் என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நலம். ஆனால் கல்லூரியில் மருத்துவப் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். நாளொன்றுக்கு இரண்டு பக்கமேனும் அறிவியல் ஆங்கிலம் படிக்காத மாணவி, இடம் கிடைத்த பிறகு திண்டாடுவாள்.

இயற்பியல்தான் மெய்யான சோதனை. மூன்றாண்டுகளாகக் கணக்குப் போடாத கை மரத்துப் போயிருக்கும். நாள்தோறும் பத்துக் கணக்கு என்று தொடங்கி மெல்லக் கூட்டவேண்டும். உயிரியலில் முழுக் கவனமும் செலுத்திவிட்டு இயற்பியலைக் கடைசி மாதத்திற்கு ஒதுக்குவது காலம் தாழ்ந்து வருவோர் செய்யும் பெரும்பிழை.

மாற்றான்வலி பற்றியும் ஒரு சொல். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. இராஜன் தலைமையிலான குழு 2021இல் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையின்படி, மருத்துவச் சேர்க்கை பெற்றோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மீண்டும் முயன்றவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. ஓராண்டும் ஈராண்டும் தனிப்பயிற்சி பெற்றவர்களுடனே போட்டி என்பது இதனால் பெறப்படும். அதே புள்ளியை மற்றொரு கோணத்திலும் நோக்கலாம். நேராகப் பள்ளியிலிருந்து வருவோரே இன்று சிறுபான்மையர் எனில், 'வயது கடந்து வந்தவள்' என்று எவரும் அவளை விரல் நீட்டிச் சுட்ட இயலாது.

துணைவலி என்பது குடும்பம், ஆசிரியர், பணம். நூலகத்தில் ஓர் இருக்கை, விலங்கியல் துறையில் ஓர் ஆசிரியர், வாரம் ஒருமுறை மாதிரித் தேர்வு வைத்துத் திருத்தித் தர ஒருவர் ஆகிய இம்மூன்றும் அமைந்தால் பெருந்தொகை கட்டும் பயிற்சி மையமின்றியும் முதலாண்டைத் தொடங்கலாம்.

காலமறிதல்

காலமறிதல் என்றால் விரைதல் என்று பொருளன்று. எண்ணிப் பார்த்தல் என்றே நான் பொருள் கொள்கின்றேன்.

அவளுக்கு இப்போது இருபது வயது. இளங்கலைத் தேர்வை முதலில் முடிக்கவேண்டும். கையிலுள்ள பட்டத்தைக் கைவிட்டு எட்டாத கிளைக்குத் தாவுதல் அறிவுடைமையாகாது. பட்டம் முடித்த கோடையில் உயிரியலுக்குப் பதிவு. அவ்வாண்டின் பிற்பகுதியிலோ அடுத்த ஆண்டின் முற்பகுதியிலோ தேர்வு. அதனை அடுத்து நீட். அப்போது வயது இருபத்தொன்று. இடம் கிடைத்தால் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. இருபத்தேழில் மருத்துவர். மேற்படிப்பு எனில் மேலும் மூன்றாண்டு. இரண்டாம் முறை முயன்று இடம் பெற்றால் இவ்வெண்களோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

அம்மாணவியின் தாயார் கேட்டாராம்: "இருபத்தேழு வயதுவரை பெண்ணைப் படிக்க வைத்தால் ஊர் என்ன சொல்லும்?" நம் சமுதாய வீடுகளிலும் ஒலிக்கும் கேள்விதான் இது. அதனை எள்ளி நகையாட மாட்டேன். அத்தாயின் அச்சம் மெய்யானது. ஆயினும் ஒரு விடை உண்டு. படித்தாலும் படிக்காவிட்டாலும் அவளுக்கு இருபத்தேழு வயது வரத்தான் போகிறது. அவ்வயதில் அவள் கையில் என்ன இருக்கவேண்டும் என்பதே கேள்வி. திருமணமும் படிப்பும் ஒன்றையொன்று வெட்டும் வாள்கள் என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கின்றோம்.

காலக் கணக்கில் இன்றியமையாத வரி இனித்தான் வருகிறது. எத்தனை முறை முயல்வது? நீட் தேர்வுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. வயது வரம்பும் இல்லை. இவ்விரண்டு சலுகைகளும் சேர்ந்து சில வீடுகளில் வேலியாகிவிட்டன. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று அறைக்குள்ளேயே பிள்ளைகளின் இளமை கழிகிறது. இத்தேர்வின் பொருட்டு நம் மாநிலம் இழந்த இளம் உயிர்களை எண்ணினால் நெஞ்சு பதறும். ஆகவே, தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் குறித்துக்கொள்ளவேண்டும். 'இரண்டு முறை, அதற்குமேல் இல்லை, அதன்பின் இன்ன படிப்பு' என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அமைதியான ஒரு மாலையில் பேசி எழுதி வைக்கவேண்டும். தேர்வு முடிவு வந்த இரவில் எடுக்கப்படும் முடிவு ஒருபோதும் நல்ல முடிவாக இராது. நிறுத்தும் நாள் குறிக்கப்பட்டுவிட்டால் தோல்வி என்பது உலகத்தின் முடிவாகத் தோன்றாது; தாளின் அடுத்த வரிக்குச் செல்லும் நாளாக மட்டுமே தோன்றும்.

இடனறிதல்

எங்கே படிப்பது? நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தையடுத்து, 2021இல் சுகாதாரத் துறையின்கீழ் வந்து அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாயிற்று. அதுவரை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்த கட்டணம் அரசுக் கட்டண அளவிற்கு இறங்கியது. ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் நோக்க வேண்டியது இத்தகைய அரசு இடங்களையே. வீட்டை அடகு வைத்துத் தனியார் இடம் வாங்குவது தந்தையை நோயாளியாக்கி மகளை மருத்துவராக்கும் வழி.

வெளிநாட்டு மருத்துவம் என்று முகவர்கள் அழகிய தாள்களுடன் வருவர். அங்குச் செல்லவும் நீட் தகுதி வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். திரும்பி வந்தபின் தகுதித் தேர்வும் இங்குப் பயிற்சியும் வேண்டும். இவற்றை முகவரின் வாயால் கேளாமல் ஆணையத்தின் விதியில் படித்தறிதல் வேண்டும்.

பிற நாடுகளின் நிலையை ஒப்பு நோக்கினால் நம் அமைப்பின் குறை தெளிவாகும். அமெரிக்காவில் ஒருவர் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரிக்குச் செல்கிறார். இலக்கியம் பயின்றவரும் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வகத்துடன் முடித்துவிட்டால் விண்ணப்பிக்கலாம். காலந் தாழ்ந்து முடிவெடுத்தோர்க்கென்றே, பட்டத்திற்குப் பின் அப்பாடங்களை மட்டும் ஓரிரு ஆண்டுகளில் கற்பிக்கும் ஏற்பாடுகள் அங்குப் பல்கலைக்கழகங்களிலேயே உள்ளன. இங்கிலாந்திலும் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பு உண்டு. அவற்றுள் சில, எந்தப் பாடத்துப் பட்டதாரியையும் ஏற்கின்றன. அங்கெல்லாம் இருபத்திரண்டு வயதில் தோன்றும் எண்ணத்திற்கு ஒரு வகுப்பறை இருக்கிறது. இங்கு அவ்வெண்ணத்திற்கு வகுப்பறை இல்லை. திறந்தநிலைப் பள்ளியின் ஒரு படிவம் மட்டுமே இருக்கிறது.

இடனறிதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மருத்துவ உலகில் தனக்குரிய இடம் எது என்று அறிதல். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன். மருத்துவன் நால்வரில் ஒருவனே. நாமோ அவ்வொருவனை மட்டும் கண்டு ஏனையோரை மறந்துவிட்டோம். நீட் தேர்வின் வழியாகவே சித்த மருத்துவப் பட்டமும் உண்டு. தமிழ் பயின்றவர்க்கு அந்நூல்களின் மொழி தடையாகாது. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எந்தப் பாடத்துப் பட்டதாரியும் சமூகப்பணி முதுகலையில் மருத்துவச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். மருத்துவமனை மேலாண்மை, பொதுச் சுகாதாரம் முதலிய துறைகளும் உண்டு. மருந்துக் கடையில் கண்ட அம்மாணவனுக்கு நான் அன்று எழுதித் தந்திருக்கவேண்டியவை இவையே.

நாம் செய்யவேண்டியவை

இதுகாறும் மாணவிக்குக் கூறினேன். இனி ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் சில சொற்கள்.

நம் கல்லூரி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில், செம்மங்குப்பம் போன்ற ஊர்களின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சென்று, பதினோராம் வகுப்புப் பிரிவுகள் எந்தெந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்று விளக்கவேண்டும். சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் செல்லும் ஊர்களுக்கு இதற்காகவும் ஒருமுறை செல்லலாம். அடுத்து, நம் விலங்கியல், தாவரவியல் ஆய்வகங்களை மாலை வேளையில் பிற துறை மாணவர்க்கும் வாரம் இருமுறை திறந்துவிடலாம். தமிழ்த் துறை மாணவி தவளையின் படத்தை மட்டுமே பார்த்துச் செய்முறைத் தேர்வுக்குப் போகவேண்டிய நிலை வேண்டா.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் சமுதாய அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகின்றன, அவ்வறப்பணி போற்றத்தக்கது. ஆனால் விண்ணப்பப் படிவங்களில் 'இடையில் படிப்பை நிறுத்தியவரா?' என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று எழுதியவர் பட்டியலில் பின்தள்ளப்படுவார். ஓராண்டு வீட்டிலிருந்து படித்தவரைச் சோம்பேறி என்று கருதும் பழக்கத்தினின்று எழுந்த கேள்வி அது. அக்கேள்வியின் கீழ் 'ஏன்?' என்று மற்றொரு வரியைச் சேருங்கள். மருத்துவ இடம் பெற்ற பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்த நூறு பேர் வருகின்றனர். இடம் பெறுவதற்கு முந்தைய ஆண்டில் நூல் வாங்கப் பணமின்றி நிற்கும் பிள்ளையிடம் ஒருவரேனும் செல்லவேண்டும். பொன்னாடைச் செலவைவிட அந்நூல்களின் செலவு பெரிதன்று.

மருத்துவராக வேண்டும் என்பதற்குப் 'பெயரும் பணமும் கிடைக்கும்' என்ற காரணம் பதினைந்து வயதில் பெற்றோர் சொல்லித் தந்ததாக இருக்கலாம். இருபது வயதில், ஒரு துயரத்தின் அருகில் நின்று, தன் கை பயனற்றுப் போனதைக் கண்டு தோன்றும் எண்ணம் அவளுடையதே. அது காலம் தாழ்ந்து வந்தது என்பதனாலேயே அதற்குக் கூடுதல் மதிப்புத் தரவேண்டும் என்பது என் துணிபு.

அன்று எழுதிய தாளின் இறுதியில் ஒரு வரியை வெற்றிடமாக விட்டிருந்தேன். 'நிறுத்தும் நாள்' என்று எழுதி, எதிரே ஒரு கோடு. "இதை நான் நிரப்ப இயலாது. வீட்டில் பேசி நீங்களே நிரப்புங்கள்" என்று கூறி அனுப்பினேன். இரண்டு வாரம் அவள் வரவில்லை. மனம் மாறியிருக்கும் என்று எண்ணினேன். மூன்றாம் வாரம் துறை வாயிலில் வந்து நின்று தாளை நீட்டினாள். மடித்து மடித்து நைந்திருந்தது. கோட்டின்மீது இரண்டாவது நீட் தேர்வுக்குரிய ஆண்டும் மாதமும் எழுதப்பட்டிருந்தன. அதன்கீழ் 'அதன்பின் மருத்துவச் சமூகப் பணி' என்று அவள் கையெழுத்து. அதற்கும் கீழே, தமிழில் தட்டுத் தடுமாறி இட்ட அவள் தந்தையின் கையொப்பம்.

அவள் மருத்துவர் ஆவாளா என்பதை இறைவனே அறிவான். ஆனால் தான் எங்கு நிற்கிறோம் என்பதையும், எவ்வளவு தொலைவு நடக்கவேண்டும் என்பதையும், எங்குத் திரும்பவேண்டும் என்பதையும் அறிந்தே அவள் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். அவ்வளவு தெளிவை ஒவ்வொரு மாணவர்க்கும் தருவது நம் கடன். வினவ வரும் பிள்ளைகளுக்காக நம் மேசையில் ஒரு வெள்ளைத் தாளேனும் எப்போதும் இருக்கட்டும்.